கழுத்துப் பட்டைக்கு வந்த களிம்பு

மனிதகுலத்தின் மாபெரும் நிர்வாகச் சாதனைகளை வரிசைப்படுத்தினால், எங்கள் அணைக்கட்டு அலுவலகத்தின் 'ரப்பர் பட்டைப் பராமரிப்புக் குழு'வுக்குத்தான் முதலிடம். அதன் செயலாளர் நான் என்பதற்காகச் சொல்லவில்லை. அடக்கம் தடுத்தும் சொல்கிறேன்.

முக்குளிப்பவர் அணியும் உடைக்குள் ஒரு சொட்டுக் குளிர்நீர் போகக்கூடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டைகள்தான் காவல். வாரம் ஒருமுறை அவற்றைக் கழுவி, உலர்த்தி, சிலிக்கான் களிம்பு தடவ வேண்டும். ஐந்து நிமிட வேலை. நாங்கள் அதற்கு ஏழு கூட்டம் போட்டோம்.

எங்கள் முக்குளிப்பாளர் வேறு யாருமில்லை, என் தங்கை கணவர். ஏழாவது கூட்டத்தின் நடுவே உடையைத் தூக்கிக்கொண்டு நுழைந்துவிட்டார்.

"மச்சான், கழுத்துப் பட்டை காஞ்சு வறவறன்னு கெடக்கு. நாளைக்கு மதகுக்குக் கீழ இறங்கணும். அந்தக் களிம்பக் கொஞ்சம் குடுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு மாப்பிள்ளை? படிவத்துல அப்படி ஒரு அளவே இல்லையே!"

"விரல்ல தொட்டுத் தடவுற அளவு!"

"எந்த விரல்?" என்றார் குழுத் தலைவரான எங்கள் இயக்குநர், மிகுந்த கவலையோடு.

அதை ஆராய உடனே ஒரு துணைக்குழு அமைத்தோம்.

மறுநாள் மாப்பிள்ளை இறங்கினார். ஆறாவது நிமிடம் பட்டை கிழிந்தது. உடை நிறையத் தண்ணீரும் நீலம்பாரித்த உதடுமாக அவரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டார். பதிவேட்டிலோ அன்றைய தேதிக்கு எதிரே 'களிம்பு தடவப்பட்டது' என்று என் கையெழுத்து இருந்தது. மாதம் முழுவதற்குமான கையெழுத்தை முதல் தேதியன்றே போட்டுவிடுவேன். வேலையில் தாமதம் எனக்குப் பிடிக்காது.

விசாரணைக்கு என் தங்கையும் வந்திருந்தாள். களிம்பு டப்பாவை மேசைமேல் வைத்தேன். பாதி காலி. "செலவானதே பராமரிப்புக்குச் சாட்சி" என்று பாராட்டிய இயக்குநர், சுழல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா, இன்னும் ஏதாவது குறை இருக்கா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, சாரோட நாற்காலி திரும்பினா தெரு முனை வரைக்கும் கிறீச்சுன்னு கேக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே. அது இதுதானே?"

இயக்குநர் அவசரமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். துளிச் சத்தம் இல்லை. எப்படி வரும்? வாரம் தவறாமல் என் கையாலேயே தடவியிருக்கிறேன்.