இடது காதும் இல்லாத நாயும்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்புள்ள மருமகன் பிரதீபன் அவர்களுக்கு,

நீங்களும், நீங்கள் வேலை செய்யும் கப்பலும், அதன் இயந்திர அறையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்கள் நலம். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "ஓம் மாமா, ஓம் மாமா" என்கிறபோது எனக்குப் பதற்றம் வந்து, மூன்றாவதாகச் சொல்ல வேண்டியதை முதலாவதாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கிழமை அப்படித்தான் "பிள்ளையின்ர புதுக் காதுக் கருவியைக் காணேல்லை" என்று தொடங்கினேன். மிகுதியைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மகள் மதிவதனா வேலையால் வந்து செய்தி அனுப்பும்வரை நடுக்கடலில் உங்களை என்ன பாடு படுத்தினேனோ தெரியாது. ஆகவே எழுதுகிறேன். மதிவதனா படமெடுத்து அனுப்புவாள். வரிசை குழம்பாமலிருக்க முதலில் தலைப்புகள்:

1. எல்லோரும் சுகம்.
2. புதிய கருவி தொலைந்தது. (கிடைத்துவிட்டது. பயப்பட வேண்டாம்.)
3. எங்கள் வீட்டில் நாய் இல்லை.
4. இருபத்துமூன்றாம் நாள் சுதர்சிகாவின் இடது காது கேட்கத் தொடங்கியது.
5. சத்திரசிகிச்சைக்கு முன் நான் சொன்னது பற்றி.

முதலாவதில் சொல்ல அதிகமில்லை. சுதர்சிகாவுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. ஏழு வயதில் விழத்தானே வேண்டும். மதிவதனா ஆஸ்பத்திரி வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறாள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. காரணம் மூன்றாவதில் வரும்.

இரண்டாவது. கொழும்பில் இடது காதுக் கருவியை முடுக்கிவிட்ட அன்று பயிற்சி மிஸ் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: வலது காது நாலு வருடமாகக் கேட்டுப் பழகியது, இடது காது நேற்றுப் பிறந்தது, இரண்டையும் எந்நேரமும் சேர்த்தே மாட்டிவிட்டால் பழையது எல்லா வேலையையும் தானே செய்துவிடும், புதியது சோம்பி இருந்துவிடும், ஆகவே நாளுக்கு ஒரு மணித்தியாலம் வலது கருவியைக் கழற்றி வைத்துவிட்டு இடது காதை மட்டும் பழக்க வேண்டும் என்று. மதிவதனாவுக்கு வேலை, நீங்கள் கடலில், எனவே மூன்று மணி முதல் நான்கு மணி வரை அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. "முப்பத்தொரு வருசம் துறைமுகக் கந்தோரில கடல் மட்டத்தை எழுதின உங்களுக்கு ஒரு காதைப் பழக்க ஏலாதோ அப்பா" என்றாள் மதிவதனா. கடல் தன்பாட்டில் ஏறி இறங்கியது, நான் எழுதினேன், அவ்வளவுதான் என்று அவளுக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. முதல் நாள், "பிள்ளை, கேக்குதோ" என்று தொடங்கினேன். "நீங்கள் கதைக்கேக்க தகரத்துக்குள்ள எலி ஓடுது அம்மப்பா" என்றுவிட்டு அவள் கருவியைக் கழற்றிக்கொண்டு எழும்பிப் போனாள். சற்று நேரத்தில் பிள்ளை இருந்தாள், கருவி இல்லை. கேட்டால் தோளைக் குலுக்கினாள். அலுமாரியின் அடி, சப்பாத்துகளின் உள், அரிசி வாளி எல்லாம் பார்த்தேன். பதற்றத்தில் இரண்டு தடவை பிறிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தேன். இரண்டாம் தடவை கதவைச் சாத்தியபோதுதான் கண்டேன். தலைக்குள் வைத்த பகுதியோடு ஒட்டுவதற்கென்று அதில் காந்தம் உள்ள வட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, அது பிறிட்ஜ் கதவில் கிளினிக் அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றக் காந்தங்களோடு நின்றது. நாற்பது நிமிடம். "சும்மா ஒட்டிப் பாத்தனான்" என்றாள்.

மூன்றாவது. மிஸ் இரண்டு கடதாசிகள் தந்திருந்தார். முதலாவதில் வீட்டு ஒலிகள்: கரண்டி, கதவு, கைதட்டல், நாய். இரண்டாவதில் சொற்கள். முதலாவது சரிவராமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளை சுவரைப் பார்த்துக் கதிரையில் இருப்பாள். நான் பின்னால் நின்று சத்தம் போட வேண்டும். கேட்டால் அவள் கையை உயர்த்த வேண்டும். உயர்த்தவில்லை. ஆறு நாளும் கரண்டி, கதவு, கைதட்டல் எல்லாம் பூச்சியம். அட்டவணையில் சிவப்பு மையால் எழுதினேன். ஏழாம் நாள் நாய்க்கு வந்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். கந்தோரில் நான் தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் "ஆரப்பா அது, மூச்சு விடுறது மட்டும் கேக்குது" என்பார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுத் தம்பலகாமம்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் யன்னல்களைச் சாத்திவிட்டு, தொண்டையைச் செருமி, ஒரு தடவை குலைத்தேன். பிள்ளையின் முதுகு சற்றுக் குலுங்கியது. கை உயரவில்லை. சத்தம் போதாது போலிருக்கிறது என்று அடுத்த நாள் உரத்துக் குலைத்தேன். அதற்கடுத்த நாள் பெரிய நாய், பிறகு தபாற்காரரைக் கண்ட நாய் என்று படிப்படியாகக் கூட்டினேன்.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டு ஐவி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, நாய் வளக்கிறீங்களோ? பின்னேரத்தில குலைக்குது" என்றார். நடந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு "ஓம்" என்றுவிட்டேன்.

"என்ன சாதி?"

"ஊர் நாய்தான்."

"குரலைப் பாத்தா வயசான நாய் போல கிடக்கு."

"ஓம், கொஞ்சம் வயசுதான்."

அன்று தொடக்கம் நாய்க்கென்று ஐவி மீன்தலை அனுப்புகிறார். நான் காகங்களுக்குப் போட, காகங்கள் குடும்பத்தோடு வந்துவிட்டன. பிறகு ஐவியின் கணவர் றொபேட் வந்து, படகு எஞ்சினுக்குக் காவல் வேண்டும், இரண்டு நாளைக்கு நாயைத் தர ஏலுமோ என்று கேட்டார். அதற்குக் காய்ச்சல் என்றேன். அந்நேரம் இரண்டு கருவிகளையும் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற உங்கள் மகள், "அங்கிள், அம்மப்பாதான் குலைக்கிறவர்" என்றாள். றொபேட் என் பக்கம் திரும்பினார். "அப்ப காய்ச்சல் ஆருக்கு?" என்று கேட்டார். ஐவி மீன்தலையை நிறுத்தவில்லை. இப்போது "அண்ணைக்கு" என்று சொல்லி அனுப்புகிறார். மதிவதனா சொதி வைக்கிறாள்.

நான்காவதுக்கு முன் ஐந்தாவதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசை குழம்புவதற்கு மன்னிக்கவும். இரண்டாம் சத்திரசிகிச்சைக்கு இந்த வீட்டில் தயங்கியவன் நான் ஒருவன்தான். ஒரு காது கேட்கிறதே, பிள்ளையின் தலையில் மறுபடி ஏன் கத்தி வைக்க வேண்டும் என்றேன். நீங்கள் கோபிக்கவில்லை. "மாமா, மோட்டச்சைக்கிள் இடப்பக்கத்தால வர, பிள்ளை வலப்பக்கம் பாக்கிறாள்" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு அந்தக் காதையே என் கையில் தந்துவிட்டுக் கப்பலேறினீர்கள். அது கேட்காமல் போனால், வேண்டாமென்றவனிடம் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள். நான் நினைப்பேன். இருபத்திரண்டு நாளும் பூச்சியமாக நிரம்பிய அட்டவணையை மதிவதனாவிடம் காட்டாமல் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தேன்.

இனி நான்காவது. கடந்த வியாழன், இருபத்துமூன்றாம் நாள். வலது கருவி மேசையில், பெட்டிக்குள். பிள்ளை சுவரைப் பார்த்திருந்தாள். நான் குலைப்பதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் அவள் எழும்பி வாசலுக்கு ஓடினாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் எனக்கும் கேட்டது: பேக்கரிச் சாமான் விற்கிற பக்கீரின் பாண் ஓட்டோ, பாட்டைப் போட்டுக்கொண்டு, தெருமுனையில். ஐந்து மணிக்கு வருகிறவர் அன்று முந்திவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். வலது கருவி உள்ளேதான் இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். பணிஸோடு திரும்பி வந்தவளிடம் எப்படித் தெரியும் என்று சைகையும் வாயுமாகக் கேட்டேன். "பாட்டுக் கேட்டது" என்றாள், நான் ஏதோ தெரியாதவன் போல. அட்டவணையில் சரி போடப் போனால் பாண் ஓட்டோவுக்கு இடமில்லை. கோடு கீறி ஒரு நிரல் சேர்த்தேன்.

நேற்று இரண்டு கருவிகளும் மாட்டியிருந்தபோது குசினியிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். எங்கிருந்து கூப்பிட்டாலும் முதலில் வலப்பக்கம் திரும்பி, பிறகு வீடு முழுக்கக் கண்ணால் தேடுவாள் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று நேரே இடப்பக்கம், குசினி வாசலைப் பார்த்தாள். "என்ன அம்மப்பா?" என்றாள். முன்வாசலுக்குப் போய் நின்று கூப்பிட்டேன். பிறகு யன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். ஆறாம் தடவை, "அம்மப்பா, ஒரு இடத்தில நில்லுங்கோ" என்றாள். நின்றேன்.

அடுத்த மாதம் கொழும்பில் பரிசோதனை. அட்டவணையோடு நானும் போகிறேன். நீங்கள் நிம்மதியாக உங்கள் எஞ்சின்களைப் பாருங்கள். கடல் உங்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று கோயிலில் கோணேசரிடம் நாளாந்தம் சொல்லி வருகிறேன்; எனது குரல் அவருக்கு இப்போது முன்னையிலும் நன்றாகக் கேட்குமென்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா,
சிவகுருநாதன்

பி.கு.: மதிவதனாவிடம் கொடுப்பதற்கு முன் சுதர்சிகா கடிதத்தை எடுத்து, எழுத்துக்கூட்டித் தலைப்புகளை வாசித்தாள். நான்காவதில் விரலை வைத்து "இது பிழை" என்றாள். நாள் பிழையோ என்று கேட்டேன்.

"ஓம். முந்தியே கேட்டது."

"எப்ப?"

"நீங்கள் முதல் முதல் குலைச்ச அண்டைக்கு."

"அப்ப ஏன் பிள்ளை கையை உயர்த்தேல்லை?"

"உயர்த்தினா மற்றக் கடதாசிக்குப் போயிடுவீங்கள். அதில நாய் இல்லை."

ஆக, ஏழாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள்வரை நான் எழுதிய பதினாறு பூச்சியங்களும் வெட்டப்பட வேண்டியவை. கடிதத்தைத் திருப்பி எழுதுவதே முறை. ஆனால் மூன்று மணியாகிவிட்டது. அவள் வலது கருவியைத் தானே கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக் கதிரையில் இருக்கிறாள். ஆகையால் நான்காவது பிழை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு நிறுத்துகிறேன்.