சுத்தமான பூஞ்சை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். எலுமிச்சை மரம் நலமில்லை. அதற்கு நீங்களே காரணம் என்பதால் உங்கள் நலத்தைக் கடைசியில் விசாரித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக 'நீங்கள்' போட்டு எழுதுகிறேன். கைதான் ஒத்துழைக்க மறுக்கிறது.

அது சாதாரண மரம் இல்லை. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் புறப்பட்ட அன்று என் மகள் பிழிந்துபோட்ட எலுமிச்சையின் விதையை உங்கள் அத்தை தயிர் டப்பாவில் ஊன்றி வளர்த்தது. இரண்டு முளைத்தன. ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்தாள். மற்றதைத் தொட்டிக்கு மாற்றி வளர்த்தாள். அதை எடுத்து மண்ணில் நடுகிற நேரம் பார்த்து, தாவர நோய்களைப் படித்த நீங்கள் ஒரு பையோடு வந்து இறங்கினீர்கள். பை நிறைய மண், மண் நிறைய பூஞ்சை. மாமனார் வீட்டுக்குப் பூஞ்சை கொண்டுவந்த மாப்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது வேரோடு ஒட்டிக்கொண்டு மரத்துக்குச் சத்து தேடிக் கொடுக்கும், பாக்டீரியா நோய் வந்தாலும் மரம் எதிர்த்து நிற்கும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வேரில் இருப்பது இலையில் வருவதை எப்படித் தடுக்கும் என்று கேட்க நினைத்தேன். பாதியில் கையுறை தேடப் போய்விட்டேன்.

ஆனாலும் மாப்பிள்ளை கொடுத்ததைத் தட்டக் கூடாது என்று நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளுக்குக் கிருமி நீக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் இருந்தவரை ஒரு தட்டில்கூடப் பூஞ்சை தலைகாட்டியதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில், பூஞ்சையே ஆனாலும் சுத்தமான பூஞ்சையாக இருக்க வேண்டாமா? நீங்கள் கிளம்பியதும் மண்ணைத் துணியில் கட்டி, பெரிய குக்கரில் வைத்து, விசில் மேல் விசிலாக விட்டு அவித்து, ஆறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு வேரைச் சுற்றிப் போட்டு நட்டேன். அடுப்படி முழுக்கச் சேற்று வாடை. உங்கள் அத்தை அன்று பூராவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் உங்களுக்காக.

பலன்? இப்போது இலையெல்லாம் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், குச்சியெல்லாம் சொறி. தோட்டக்கலை ஆய்வாளர் வந்து பார்த்து, பாக்டீரியா நோய்தான், மருந்தடித்தும் பரவினால் வெட்டி எரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விடிந்தால் உங்கள் அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்கிறாள், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்தத் தையல்காரர் இருக்கிறாரே, டீத்தூளையும் நூல் குப்பையையும் மரத்தடியில் கொட்டுகிற மனிதர், அவருடைய மரம் மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம், அதே காற்றில், அதே மழையில், நாலைந்து புள்ளியோடு தப்பித்து நிற்கிறது. வயிறு எரிகிறது மாப்பிள்ளை. உங்கள் படிப்பும் பட்டமும் பையும் சேர்ந்து ஒரு எலுமிச்சைக்கு ஆகவில்லையே. நேரில் வந்து உங்கள் அத்தைக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

மகளுக்கு எங்கள் ஆசிகள். உங்களுக்கும்தான், என் மனசு ஆறிய பிறகு எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். நான் காலித் தொட்டியைத்தான் அவித்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாளாம். அதுவும் இந்த வீட்டில் நடப்பதுதான்.

"அது உசிரோட இருந்தாதானே வேலை செய்யும்? கொன்னு புதைச்சிட்டு அவரைத் திட்டி எழுதுறீங்களே" என்றாள்.

வேரில் குடியிருந்துகொண்டே, நோய் வந்தால் உடனே எதிர்க்கும்படி மரத்தை அது முன்கூட்டியே உஷார்படுத்தி வைக்குமாம். நான் கையுறை தேடிய நேரத்தில் நீங்கள் சொன்னதாம். நான் குக்கரை எடுக்கும் முன்பே அந்த மண்ணில் இரண்டு கை அள்ளித் தையல்காரர் மரத்துக்கும் கொடுத்திருக்கிறாள். ஆகவே மேலே உள்ள கோபமெல்லாம் விலாசம் தவறி உங்களிடம் வந்திருக்கிறது. பையின் மேல் 'உயிர் உள்ளது' என்று நீங்கள் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கலாம் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்னொரு பை கொண்டுவாருங்கள். நோய் கண்ட மரத்துக்கு இனிமேல் போட்டு உதவுமா என்று எனக்குத் தெரியாது. உதவும் என்றால் உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள். உதவாது என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.