ஒன்றரை மணி துரோனோ வண்டி

சயாமிலிருந்து வந்த ரயில் மலாயாவில், ஈப்போவில் நின்றபோது ஜெயபாலனிடம் இரண்டு நேரங்கள் இருந்தன. கையில் கட்டியிருந்த கடிகாரம் பதினொன்று என்றது. பிளாட்பாரத்தில் தொங்கிய கடிகாரம் ஒன்று என்றது. இரண்டுமே ஓடிக்கொண்டிருந்தன, இரண்டிலும் பழுதில்லை. சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

“ஏம்ப்பா, இப்ப மணி என்ன?” என்று டிரங்குப் பெட்டியைத் தூக்க வந்த கூலியாளைக் கேட்டான்.

“எந்த மணிண்ணே?”

“மணியில எத்தன மணிப்பா இருக்கு?”

“சப்பான்காரன் மணின்னா ஒண்ணு. அவன் ஊர்ல என்ன மணியோ அதையே இங்கயும் மாட்டி வச்சிருக்கான். பழைய மணின்னா பதினொன்னர. தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் பழைய மணியிலதான் இன்னும் சோறு திங்குது.”

ஆக மூன்று நேரம். ஜெயபாலன் திகைத்துப் போனான்.

திகைப்பது அவன் சுபாவத்திலேயே கிடையாது. சயாமில், ஹாட்யாயில் ஓர் அரிசி மண்டியில் கணக்கப்பிள்ளையாக இருப்பவன். எதையும் முறையாகச் செய்கிறவன். ரயில் டிக்கெட்டைக் கைக்குட்டையில் மடித்து, கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்து, பைக்கு ஊக்கு குத்தி, ஊக்கு இருக்கிறதா என்று வழிநெடுகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தவன். அப்படிப்பட்டவனுக்கு மறுநாள் காலை துரோனோவில் கல்யாணம். பெண், ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்துக் கங்காணி பத்துமலையின் மகள் வீரம்மா.

பத்துமலை கறாரான மனிதர். அது சப்பான்காரனுக்குப் பயந்து, கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கத் தகப்பன்மார் நடுங்கிய காலம். “கல்யாணத்துக்கு மொத நாளு விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள மாப்பிள்ள லயத்துக்கு வந்து சேந்துடணும். இல்லன்னா என் தங்கச்சி மகன் சின்னையா இருக்கான், அவன் கழுத்துல மாலையப் போட்டுருவேன்” என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். சின்னையா இப்போதே குளித்துவிட்டு வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருப்பான் என்று ஜெயபாலனுக்குத் தெரியும். சின்னையா அப்படிப்பட்ட ஆள்.

தாலியும் கூரைப்புடவையும் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன.

துரோனோ வண்டி ஒன்றரைக்குப் புறப்படும். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சண்டைக்கு முன்னால் வருஷக்கணக்காக அதில் போய் வந்தவன். எந்த ஒன்றரை என்பதுதான் இப்போது கேள்வி.

“துரோனோ வண்டி எங்கேருந்து புறப்படுது?”

“நான் என்னத்தக் கண்டேன்? நான் பாகான் டத்தோ ஆளுண்ணே. தேங்கா தூக்கிட்டிருந்தேன். இங்க வந்து ஒரு வாரம்கூட ஆவல” என்றான் கூலியாள். அவன் பெயர் சன்னாசி.

ஜெயபாலன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம், ஒதுக்குப்புறமாக, பயணிகள் வண்டி ஒன்று தனியாக நின்றது. நெற்றியில் துரோனோ என்று பலகை. சன்னலில் ஆட்கள்கூடத் தெரிந்தார்கள்.

“அதோ நிக்குது பாரு. எஞ்சின் இன்னும் மாட்டல.”

“படிச்சவங்க சொன்னா சரி” என்று சன்னாசி பெட்டியைத் தலையில் ஏற்றினான்.

“இரு, இரு. இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்.”

ஜெயபாலன் நெற்றியில் அடித்துக்கொண்டான். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. கைக்கடிகாரப்படி ராகு காலம் இன்னும் வரவில்லை. ஸ்டேஷன் கடிகாரப்படி முக்கால்வாசி போய்விட்டது. கல்யாணத்துக்குப் போகிறவன் ராகு காலத்தில் வண்டியேறலாமா?

“ராகுவுக்கு எந்த மணி கணக்குன்னு தெரியலியே” என்றான்.

“இப்பல்லாம் ராகுவும் சப்பான்காரனக் கும்பிட்டுட்டுத்தாண்ணே வரணும்” என்றான் சன்னாசி.

ஜெயபாலன் யோசித்தான். முறையாக யோசித்தால் வழி பிறக்காமல் போகாது. பிறந்தது: பரஸ்தானம். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், சாமான் ஒன்றை முன்கூட்டியே வீட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கியதாகக் கணக்கு. கைக்கடிகாரப்படி இப்போது நல்ல நேரம். பெட்டி இப்போதே வண்டியில் ஏறிவிட வேண்டியது. ஸ்டேஷன் கடிகாரத்தில் ஒன்றரை அடித்ததும், ராகு இறங்க, இவன் ஏற வேண்டியது. எந்தக் கடிகாரமும் குறை சொல்ல முடியாது.

“பெட்டிய அந்த வண்டியில கொண்டுபோய் சன்னலோரமா வச்சிடு. நான் அப்புறம் வரேன்.”

“பெட்டி முன்னால போவுது, மாப்பிள்ள பின்னால வாராரு. நடக்கட்டும்” என்று சன்னாசி போனான். தாலியும் போயிற்று.

ஜெயபாலன் பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்தான். வேலிக்கு வெளியே, பெட்ரோல் இல்லாமல் கரியடுப்பில் ஓடும் லாரி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் அப்பாவு, வேலியில் முகத்தைப் பதித்துக் கூவினான். “பூசிங், துரோனோ. பூசிங், துரோனோ. அண்ணே, பாத்தா மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க, வந்து ஏறுங்க.”

“எனக்கு டிக்கெட் இருக்கு.”

“என்ன டிக்கெட்டு?”

“ரயில் டிக்கெட்டுதான். சயாம்லேருந்து துரோனோ வரைக்கும் ஒரே டிக்கெட். எல்லையிலயே வாங்கினது.”

அப்பாவு ஒரு தரம் அவனை மேலும் கீழும் பார்த்தான். “அண்ணே, அந்த ரயிலு வந்து…”

“ரயிலப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்கிறியா? போய் உன் அடுப்புல கரிய அள்ளிப் போடு. வெள்ளச் சட்ட போட்டவன ஏத்திட்டுப் போய் கரிச்சட்டியா எறக்கிவிடுவே.”

“சரிலா, எனக்கென்ன வந்துச்சு. செத்த நேரம் நிப்பேன். இன்னிக்கு இதுதான் கடைசி லாரி.”

அப்போது எங்கோ ஓர் எஞ்சின் ஊதியது.

ஜெயபாலன் துள்ளி எழுந்தான். ஸ்டேஷன் கடிகாரத்தில் ஒன்றேகால்தான். துரோனோ வண்டிக்கு எஞ்சின் மாட்டுகிறார்களோ? சப்பான்காரன் நேரம் பார்க்காமல் கிளப்பிவிட்டால்? தாலி துரோனோவுக்குப் போய்ச் சேரும். அதைக் கட்டச் சின்னையா தயாராக நிற்பான். பிளாட்பாரத்திலிருந்து குதித்து, தண்டவாளங்களைத் தாண்டி ஓடினான்.

நடுவில் ஒரு சப்பான் சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். சிப்பாயைக் கண்டால் நின்று, இடுப்பு வளையக் குனிய வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். ஜெயபாலனும் நின்றான், குனிந்தான். ஆனால் ஹாட்யாய்ப் பழக்கத்தில் இரண்டு கையையும் கூப்பி மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, இனிமையாகச் சிரித்தும் தொலைத்தான்.

தன்னைப் பழிக்கிறான் என்று சிப்பாய்க்குத் தோன்றிவிட்டது. “பாக்கேரோ” என்று தன் பாஷையில் திட்டி, கன்னத்தில் ஒன்று வைத்து, குனிவது எப்படி என்று தானே செய்து காட்டி, மறுபடி மறுபடி குனிய வைத்தான். ஜெயபாலன் கிணற்று ராட்டினம் மாதிரி ஏறி இறங்கினான். ஒவ்வொரு தரம் நிமிரும்போதும் துரோனோ வண்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இருந்தது.

பேச்சு வார்த்தைக்கு வழியில்லை. தனக்கு நேரமாகிவிட்டது என்பதை மட்டுமாவது புரிய வைக்கலாமென்று, கையை நீட்டிக் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

சிப்பாயின் முகம் மலர்ந்தது. கடிகாரத்தைப் பக்குவமாகக் கழற்றி, சட்டைக் கையை மேலே ஏற்றி, ஏற்கெனவே கட்டியிருந்த மூன்று கடிகாரங்களுக்குக் கீழே நான்காவதாகக் கட்டிக்கொண்டான். பிறகு முதுகில் தட்டிக்கொடுத்து, போகலாம் என்று கை காட்டினான்.

மாமனார் முன்னால் கட்டிக்கொண்டு நிற்பதற்காக வாங்கிய கடிகாரம். அழுகை வந்தது. ஆனாலும் ஒரு விதத்தில் சௌகரியம்தான். மூன்று நேரத்தில் ஒன்று ஒழிந்தது. மிச்சம் இரண்டு. ராகு காலம் இன்னும் முடியவில்லையே என்ற உறுத்தலையும் நடந்துகொண்டே தீர்த்துக்கொண்டான். ராகு நம்ம ஊர்ப் பாம்பு. அது சப்பான் கடிகாரத்தை ஏன் பார்க்கப் போகிறது? பழைய நேரப்படி பன்னிரண்டாக இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. வலது காலை வைத்து வண்டியில் ஏறினான்.

உள்ளே சண்டைக் காலத்து ரயில் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது. சாமான் பலகையிலிருந்து தூளி தொங்கியது. தூளியில் குழந்தை. பெஞ்சுக்கு அடியில் ஒரு கோழி. எதிர்ப் பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டான். வாசலோரம் ஒரு பெண் அடுப்பு வைத்து மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் பதறி எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

சன்னலோரத்தில் டிரங்குப் பெட்டி பத்திரமாக இருந்தது. அதன் மேல் ஒரு ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜெயபாலன் அதை இரண்டு விரலால் எடுத்து அப்புறம் போட்டான்.

“அந்தப் பொட்டி உங்களுதுங்களா தொரை? யாரோ ஒருத்தன் கொண்டாந்து வச்சிட்டுப் பேசாமப் போயிட்டான். எனக்குப் பயமாப் போச்சு.”

“என்னுதுதான். உம் பேரென்ன?”

“காளியம்மாங்க. அது என் வீட்டுக்காரரு. ராத்திரி வேல, அதான் தூங்குறாரு. எழுப்பட்டுங்களா?”

“வேணாம். ஏம்மா, வண்டிக்குள்ள அடுப்பு வைக்கலாமா? இது என்ன உங்க வீடா?”

காளியம்மாவின் முகம் வெளுத்தது. அவசரமாகத் தண்ணீரைத் தெளித்து அடுப்பை அணைத்தாள். “தப்புதாங்க. எங்கள எறக்கி மட்டும் விட்றாதீங்க தொரை. கைப்புள்ளய வச்சிக்கிட்டு எங்க போவோம்?”

“டிக்கெட் இருக்கா?”

“டிக்கெட்டெல்லாம் யாருங்க குடுத்தா? ஸ்டேஷன் ஆபீசு பெரிய கிராணிதான் ஏறிக்கச் சொன்னாரு.”

அக்கிரமம்தான். ஆனால் நாளைக்குத் தாலி கட்டப் போகிறவனுக்கு இன்று ஒரு ஏழையைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. “சரி, சரி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பேசாம உக்காரு” என்றான்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வெந்த கிழங்கில் நல்ல துண்டாகப் பொறுக்கி, இலையில் வைத்து நீட்டினாள். ஜெயபாலன் பெட்டி மேல் காலை நீட்டி, கிழங்கைச் சாப்பிட்டான். பசி அடங்க அடங்க வாய் திறந்தது. தான் சயாமிலிருந்து வருவதையும், அங்கே ரயில் புதுத் தண்டவாளக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போவதையும், நாளைக்குத் தனக்குக் கல்யாணம் என்பதையும் சொன்னான்.

“எதையும் முறையாச் செய்யணும்மா. எனக்கு நடுவுல எத்தன இடைஞ்சல். மூணு மணி, ஒரு ராகு, ஒரு சிப்பாய். அப்படியும் வண்டியப் புடிச்சிட்டேன் பாத்தியா.”

“ஆமாங்க” என்றாள் காளியம்மா, புரிந்தும் புரியாமலும்.

ஸ்டேஷன் கடிகாரம் இங்கிருந்தே தெரிந்தது. ஒன்றரை ஆயிற்று. வண்டி நகரவில்லை. சப்பான் ஒன்றரை இல்லைபோல, பழைய ஒன்றரைதான் என்று தீர்மானித்துக்கொண்டான். இருக்கட்டும், பெட்டியும் தானும் ஏறியாயிற்று, இனி எந்த ஒன்றரைக்குப் புறப்பட்டால் என்ன? கொஞ்சம் கண்ணயர்ந்தான். விழித்தபோது கடிகாரத்தில் மூன்று தாண்டியிருந்தது. பழைய ஒன்றரையும் போய்விட்டது.

வேலிக்கு வெளியே அப்பாவுவின் லாரி இருமிக்கொண்டே கிளம்பியது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் கரிப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பாவு லாரியை மெதுவாக்கி, ஜெயபாலன் இருந்த சன்னலைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டான். ஜெயபாலன் சட்டைப்பை ஊக்கைக் கழற்றி, டிக்கெட்டை எடுத்து உயர்த்திக் காட்டிச் சிரித்தான். லாரி தார்ச் சடக்கில் திரும்பி மறைந்தது.

“பாவம், விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லாம் கரிக்கட்டையா போய்ச் சேருவானுங்க” என்றான். பிறகு காளியம்மாவின் பக்கம் திரும்பினான். “அது சரி, எஞ்சின் எப்பம்மா மாட்டுவாங்க? இந்த வண்டி எப்ப புறப்படும்?”

காளியம்மா தூளியை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

“இது எங்கய்யா புறப்படும்? ரயில்வேயில எங்களுக்குக் குடியிருக்கக் குடுத்த வீடுங்க இது. துரோனோ கம்பிய முழுசாக் கழட்டி சயாமுக்கு அனுப்பிட்டாங்களே, நீங்க வழுக்கிக்கிட்டு வந்தது அதுமேலதான்.”