சித்தப்பா இரு மடங்காக்கிய கொல்லை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்கள் பிரசவத்துக்குத் துணையாகப் போன இடத்தில் தங்கையும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டும், எழுதிவிட்டேன், நம்பவேண்டாம்.

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் பதிவுசெய்கிறேன்: "சித்தப்பா, ஜெராக்ஸ் கடையில் பெரிதானது காகிதம் மட்டும்தான். நிலம் அப்படியேதான் இருக்கிறது." பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்லிக்கொடுப்பதை, கொத்தனார் முன்னால் உங்கள் கணவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொல்லையில் எனக்கென்று ஓர் அறை கட்ட அப்பா ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். தையல் மெஷினுக்கும் டிவிக்கும் நடுவில் உட்கார்ந்து படித்துப் படித்து அலுத்துவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு, அவ்வளவுதான் கேட்டேன். "நான் நின்னு பாத்துக்கறேண்ணா" என்று சித்தப்பா கிளம்பி வந்தார். வீட்டு வரைபடத்தில் எழுத்து பொடியாக இருக்கிறதென்று அதை இரு மடங்காக நகல் எடுத்தார். படத்தின் அடியில் மீட்டர் மீட்டராகப் பிரித்த கோட்டு அளவை ஒன்று இருந்தது. படத்தோடு சேர்ந்து அதுவும் வளர்ந்திருந்ததால் அந்தக் காகிதத்தில் உண்மை பேசியது அது ஒன்றுதான். "என்ன இது, பூரான் மாதிரி" என்று கத்தரித்து எறிந்தார். மிஞ்சியது மேலே அச்சிட்டிருந்த '1 : 100'. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர். அசலுக்கு அது சரி. நகலுக்குச் சுத்தப் பொய். ஸ்கேலை வைத்தார். கொல்லையின் அகலம் ஆறு சென்டிமீட்டர் வந்தது. ஆறு மீட்டர் என்று அறிவித்தார்.

"கயித்தப் புடிப்பா!"

கொத்தனார் பிடித்தார். மூன்று மீட்டர் முடிவதற்குள் மதில் இடித்தது. மற்றவர்கள் காகிதத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். சித்தப்பா மதிலுக்கு அந்தப்பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார். நாம் மீசை என்று சொல்வோமே, அவரைத்தான்.

"எங்க நெலத்துல பாதிய முழுங்கிட்டு, ஒண்ணுந் தெரியாத மாதிரி பல்லு வெளக்கறீரா?"

"யோவ், இது எங்கப்பா கட்டின சமையல்கட்டுய்யா!"

"அப்ப உங்கப்பாதான் திருடன்!"

இனிச் சும்மா இருக்கமுடியாது என்று சித்தப்பாவை உள்ளே இழுத்துவந்தேன். வாசற்கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்தேன்: ஒரு மீட்டர். நகலில் அதே கதவு இரண்டு சென்டிமீட்டர். ஆகவே இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று புதிதாக ஒரு கோட்டு அளவை வரைந்து நீட்டினேன். "கொல்லை மூணு மீட்டர்தான் சித்தப்பா. உங்க கணக்குப்படி பாத்தா இந்த வாசக்கதவே ரெண்டு மீட்டர் அகலம் இருக்கணும்."

கதவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப கதவுலயும் நம்மள ஏமாத்தியிருக்கானுங்க, பாரு."

சித்தி, இத்தனை வருடம் நீங்கள் எப்படிக் குடித்தனம் நடத்தினீர்கள்?

"நீ புத்தகத்துல படிச்சதச் சொல்ற. இது அனுபவம்மா" என்றார். அந்த அனுபவமும் இரு மடங்கு நகல்தான் போலிருக்கிறது. இதற்குள் மீசை, "சர்வேயரக் கூட்டியாந்து உங்க மானத்த வாங்குறேன்" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார். அப்பா, "அறையும் வேணாம், அக்கப்போரும் வேணாம்" என்று கொத்தனாரை அனுப்பிவிட்டார். நான் மறுபடி தையல் மெஷின் பக்கத்தில்.

குழந்தைக்குத் தொட்டில் கட்டவேண்டும் என்றோ வேறு எதையோ சொல்லிச் சித்தப்பாவை உடனே அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். தொட்டிலை அவர் அளக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு அன்பு, குழந்தைக்கு முத்தம். சித்தப்பாவுக்கு என் மரியாதை, அசல் அளவில்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தார் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மீசை சர்வேயரோடு வந்துவிட்டார். நம் கொல்லை மூன்று மீட்டர் இருக்கவேண்டும். இருப்பது இரண்டு மீட்டர் அறுபது. மதில் நாற்பது சென்டிமீட்டர் நம் பக்கம் வந்திருக்கிறதாம். நான் கதவை அளந்தேனே தவிர, கொல்லையை அளக்கவில்லை. மதிலைத் தள்ளிக் கட்ட மீசை ஒப்புக்கொண்டார். கொத்தனாரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் அப்பா. சித்தப்பா அந்த நகலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.