ஆளில்லாத வகுப்பறை

பசுமையார் என்றொரு இனம் உண்டு. கட்டடம் வரையும் எந்த அலுவலகத்திலும் ஜன்னலோரமாகப் பார்க்கலாம். ஜன்னலை மட்டும் மூடி வைத்திருப்பார். கணினியில் வெயில் தெளிவாகத் தெரிய வேண்டுமே. கட்டப்போகும் கட்டடத்தைக் கணினிக்குள் முன்கூட்டியே எழுப்பி, சுவருக்குச் சுவர் சூடு பார்த்து, சூரியனை மவுஸால் இழுத்துக் காலையை மாலையாக்கி, எந்த ஜன்னலைச் சுருக்கினால் எத்தனை யூனிட் மின்சாரம் மிச்சம் என்று தசமப் புள்ளியோடு சொல்லிவிடுவார். நல்ல வித்தைதான். யார் இல்லையென்றது?

எங்கள் அலுவலகத்துப் பசுமையாரிடம் ஒரு பள்ளிக்கூட வேலை வந்தது. தகரக் கூரையின் கீழ் நடக்கும் பள்ளி. போன கோடையில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்திருந்தார்கள். தலைமையாசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: மத்தியானம் இரண்டு மணிக்கும் பிள்ளைகள் உட்காரக்கூடிய ஓர் அறை. பசுமையார் தலையாட்டினார். அவர் கண் இருந்ததோ, தொண்ணூறு மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கும் கட்டடத்துக்குத் தரும் பசுமைச் சான்றிதழ் மேல்.

பத்து நாள் கூரையை மாற்றினார், சுவரைத் தடிப்பாக்கினார், மரம்கூட நட்டார். எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே. எண்பத்தொன்றைத் தாண்டவில்லை. பதினோராம் நாள் தொண்ணூற்று நான்கு. அலுவலகமே கைதட்டியது. நானும்தான்.

ஆசிரியை கையெழுத்துப் போட வந்தார். திரையில் வகுப்பறை குளுகுளுவென்று நீலமாக இருந்தது. பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"பெஞ்சு இருக்கு. பசங்க எங்க சார்?"

"எடுத்துட்டேன் டீச்சர். உடம்புச் சூடு மார்க்கைக் கீழ இழுக்குது."

"எத்தனை பேரை எடுத்தீங்க?"

"நாப்பத்திரண்டு பேரையும்தான்."

பேனா மூடிக்கொண்டது. "திரும்ப உட்கார வைங்க. நான் பாக்கறேன்."

உட்கார வைத்தார். நீலம் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவர்போல் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார் பசுமையார்.

"இப்ப ஜன்னலைப் பெருசாக்குங்க சார். எதிரெதிரா."

காற்று நுழைந்தது; பிள்ளைகளோடேயே அறை மெல்ல நீலத்துக்குத் திரும்பியது. கூடுதல் ஜன்னல் மரத்துக்கும் கண்ணாடிக்கும் கழித்ததுபோக மதிப்பெண் எழுபத்தாறு. ஆசிரியை அதில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். பசுமையார் எழவு வீட்டு முகத்தோடு அறிக்கையை முடித்தார்: 'பயன்படுத்துவோர் இல்லாத பட்சத்தில் இக்கட்டடம் மிகச் சிறப்பாக இயங்கும்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கு வீட்டைத் துடைத்து நிமிரும்போது, ஈரத் தரையில் யாராவது கால் வைப்பார்கள். அப்போது மட்டும் உங்கள் முகம் போகிற போக்கைக் கொஞ்சம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.