கத்திரி அண்ணனும் மனந்திரும்பிய மாணிக்கமும்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு பக்கத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், சினிமாவை முதுகால் பார்த்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தெருக் கத்திரி அண்ணன்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். தொழில் தையல் என்பதால் கத்திரி என்று ஆனார். எங்கள் சபையில் மூப்பர் பொறுப்பும் வந்தபோது சினிமாவையும் வெட்ட ஆரம்பித்ததால், அந்தப் பெயர் அவரிடமே நிலைத்துவிட்டது.

குன்னத்துக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். ஊரை ஒட்டிய பொட்டலில் ஒரு டென்ட்டுக் கொட்டகை. வெள்ளிக்கிழமை புதுப்படம் மாற்றுவார்கள். அன்றைக்கே கத்திரி அண்ணன் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடி போய்ப் பார்த்துவிடுவார். சனிக்கிழமை காலையில் கடையில் தீர்ப்பு வரும். தீர்ப்பும் தையல்காரர் பாஷையில்தான் இருக்கும். "முழுத்துணி" என்றால் குடும்பத்தோடு போகலாம். "கிழிசல்" என்றால் பெரியவர்கள் மட்டும், அதுவும் அவர் சொல்லும் இடங்களில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "கந்தல்" என்று சொல்லிவிட்டால் அந்த வாரம் சபையில் விசேஷ ஜெபம்.

"பாக்கக்கூடாதுன்னா நீங்க மட்டும் ஏண்ணே போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெசமா இல்லியான்னு எவனாச்சும் ஒருத்தன் நக்கிப் பாக்கணும்ல, தம்பி" என்றார்.

அவர் பார்க்கும் விதம் தனி. மணல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்வார். கதாநாயகி அருவிப்பக்கம் நடக்க ஆரம்பித்தால் போதும், எழுந்து, திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். இதில் அவர் யோசிக்காத சங்கடம் ஒன்று இருந்தது. அவருக்குப் பின்னால், குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. திரும்பி உட்கார்ந்தால் பார்வை நேராக அங்கேதான் விழும்.

"ஏன்யா டைலரு, தெரையில இருக்குறவள பாத்தா பாவம், எங்கள பாத்தா புண்ணியமா?" என்று ஒரு குரல் வந்தது. கொட்டகையே சிரித்தது.

மறுவாரத்திலிருந்து அவர் ஆப்பரேட்டர் அறையின் ஓட்டையை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தார். படம் தெளிவாக இல்லை என்றுதான் மூப்பர் முறைக்கிறார் என நினைத்த ஆப்பரேட்டர் பயந்துபோய் லென்ஸைத் திருகினார். அருவியும் கதாநாயகியும் புகையாகிவிட்டார்கள். அன்று கொட்டகை முழுவதற்கும் ஒரே நேரத்தில் தணிக்கை நடந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஊழியத்துக்கு ஒரு சனிக்கிழமை முட்டுக்கட்டை விழுந்தது. கொட்டகை நடத்தியவர் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர். சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். காஜா எடுத்த சட்டையை வாங்கிப்போக வந்த நானும் அங்கே இருந்தேன்.

"டைலரே, நீங்க ஒரு உபகாரம் பண்ணணும்."

"சொல்லுங்க பாய்."

"இந்த வாரம் வந்துருக்கறது நல்ல படம். ஆத்தா மகன் பாசம். கொட்டாயில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க கந்தல்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

ஓடிக்கொண்டிருந்த கத்திரி துணியின் நடுவில் நின்றது. "என்ன பாய் சொல்றீங்க?"

"நீங்க கந்தல்னு சொன்ன வாரமெல்லாம் மணல்ல ஒக்கார எடமில்லீங்க. முழுத்துணின்னு சொல்லிட்டீங்கன்னா நானும் ஆப்பரேட்டரும்தான் பாக்குறோம்."

கத்திரி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பித்தான்களைப் பார்த்தேன். போன கந்தலுக்கு நானும் போயிருந்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். "இனிமே வேணாம் வேணாம்னு சொல்றதுல பிரயோசனமில்ல. நல்லதா ஒண்ண நாமளே குடுக்கணும். கிறிஸ்மஸ் அன்னிக்குப் பொழுது சாஞ்சதும் நம்ம கோயில் வாசல்ல நாடகம். அன்னிக்கு டென்ட்டுலயும் படம் ஓடும். நம்ம சனம் கடைசி வரைக்கும் இங்க ஒக்காரணும். எந்திரிச்சு அங்க போயிட்டா, அப்பறம் இந்தக் கத்திரி துணிய மட்டுந்தான் வெட்டும். சினிமா பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

பாஸ்டர் பதறிப்போய், "யோசிச்சுச் சொல்லுங்க மூப்பரே" என்றார்.

"யோசிச்சுட்டேங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

நாடகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். தெருவில் கல்லூரி வாசலை மிதித்தவனும் நான்தான். அப்பாவும் அம்மாவும் பருத்திக்காட்டில் நின்று என்னைப் படிக்க வைத்தது இதற்குத்தான் என்று நம்பி, உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு, 'மனந்திரும்பிய மாணிக்கம்'. மாணிக்கம் குடிப்பான், சீட்டு ஆடுவான், ஊர் ஊராகப் போய் சினிமா ஆட்டம் பார்ப்பான், பெண்டாட்டியை அழவைப்பான். கடைசிக் காட்சியில் மனந்திரும்புவான்.

மாணிக்கமாக நடித்தவன் தாசு. சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை, கல்லுக்குக் கேட்கும்படி பேசுவான். ஒத்திகையில் குடிகாரனாக அவன் தள்ளாடிய அழகைப் பார்த்து இளவட்டங்கள் கைதட்டின. கத்திரி அண்ணன் கையை உயர்த்தினார்.

"வெட்டு. கோயில் வாசல்ல குடி வேணாம்."

மறுநாள் சீட்டுக்கட்டு போனது. அதற்கு மறுநாள் ஆட்டம் பார்க்கும் காட்சி போனது. பெண்டாட்டியை அதட்டுவதாவது இருக்கட்டும் என்று கெஞ்சினேன். "பச்சப்புள்ளைங்க பாக்கும்" என்று அதையும் வெட்டினார். கிறிஸ்மஸ் நெருங்கியபோது மிஞ்சியது இதுதான்: மாணிக்கம் காலையில் எழுந்திருக்கிறான், பல் துலக்குகிறான், ஓவென்று அழுது மனந்திரும்புகிறான்.

"அண்ணே, நான் எதுக்கு அழுவுறேன்?" என்று தாசு கேட்டான்.

"பாவத்துக்கு."

"எந்தப் பாவம்ணே? அதத்தான் வெட்டிட்டீங்களே."

கத்திரி அண்ணன் டேப்பைச் சுருட்டி விரித்து யோசித்தார். "மனசுக்குள்ள பண்ணுன பாவம்னு வெச்சுக்க."

கிறிஸ்மஸ் அன்று கோயில் வாசல் நிறைந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கு, அண்ணனே தைத்த திரை, புதுச்சட்டை வாசனை. பொட்டலில் டென்ட்டுக்காரரின் ஒலிபெருக்கியும் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றால் படம் ஆரம்பம் என்று அர்த்தம்.

திரை விலகியது. மாணிக்கம் எழுந்தான், பல் துலக்கினான், அழுதான். ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த என் சித்தப்பா, திரை ஓரம் வசனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "ஏலே, மாணிக்கம் எதுலேந்துடா திரும்புனான்?"

நான் வசன நோட்டைப் புரட்டினேன். "அதானே" என்றார் இன்னொருவர். "போவாதவன் எப்புடித் திரும்புவான்?" பின்னால் நாலு இளவட்டங்கள் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு பொட்டல் பக்கம் நடந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள்.

கத்திரி அண்ணன் கழுத்து டேப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மேடைக்குப் போனார். ஜனங்களைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே வானத்தை அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்துகொண்டது. திடீரென்று சிரித்தார். கண்ணைத் துடைத்தார். யாரோ கத்தி வீசியது போல் தலையைக் குனிந்து தப்பினார். அவர் சினிமா பார்க்கிறார் என்று புரிந்ததும், அந்த நாலு பேருக்கு அப்புறம் எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

கண்ணைத் திருப்பாமலே தாசுவிடம் சொன்னார். "ஓடியாந்து என்னக் கூப்புடு. பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுன்னு சொல்லு."

தாசு மேடையைச் சுற்றி ஓடி வந்தான். "யோவ், ஒம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுய்யா."

"இடைவேளைல வரேன்."

சிரிப்பில் பெட்ரோமாக்ஸ் ஆடியது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

"ஆசுபத்திரிக்கி வண்டி கட்டி நிக்கிதுய்யா."

"இருடா, வில்லன் இப்ப மாட்டிக்குவான்."

மறுபடி சிரிப்பு. தாசு அடுத்த வசனத்துக்கு என் பக்கம் திரும்பினான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணனின் மனைவி மேரி அக்கா.

"வண்டி போயிருச்சு. நீ படத்தப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பழைய கதை தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும்; சித்தப்பாதான் என் காதோடு சொன்னார். தையல் மெஷினை மூடிப்போட்டுவிட்டு, ரஞ்சன்குடி வரைக்கும் எங்கே டென்ட்டு அடித்தாலும் நடந்தே போய் இரண்டு ஆட்டமும் பார்த்த காலம் ஒன்று அண்ணனுக்கு இருந்திருக்கிறது. மூத்த மகள் கிருபை பிறந்த ராத்திரி மேரி அக்கா அண்டை வீட்டார் வண்டியில் ஒண்டியாக அரியலூர் போய்ச் சேர்ந்திருக்கிறார். இவர் விடிந்தபிறகு, பார்த்த படத்தின் பாட்டை முணுமுணுத்தபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருக்கிறார். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்வது அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேடையில் அண்ணன் தலை கவிழ்ந்தது. குனிந்தபடியே சொன்னார்: "இதுலேந்துதான் மாணிக்கம் திரும்புனான்." பிறகு தாசுவைப் பார்த்து, "இப்ப அழுடா" என்றார்.

தாசுவுக்கு நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஒலிபெருக்கி எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. கடைசி ஜெபம் வரைக்கும் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நான் சந்தோஷத்தில் அண்ணனின் கையைப் பிடித்தேன். அவர் கூட்டத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேரு போயிட்டானுவ, தம்பி. சொன்ன சொல்லு சொல்லுதான். தோத்துட்டேன்."

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மேரி அக்கா நிமிர்ந்தார். "தோத்தா வாய மூடு. நாடகத்த ஏன் மூடற? அந்த நாலு பேரையும் அடுத்த வருசம் ஒக்கார வையி."

அண்ணன் சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு எந்தப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதில் நஷ்டம் பாய்க்குத்தான். வருகிற வாரத்துக்கு ஒரு கந்தலாவது சொல்லக்கூடாதா என்று கடைக்கு வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குப் போனார். நாடகம் மட்டும் நிற்கவில்லை. மாணிக்கம் வேஷம் நிரந்தரமாக அண்ணனுக்கு. பெண்கள் பக்கத்திலிருந்து வரும் அந்த ஒரு வசனம் மேரி அக்காவுக்கு. அதற்கு ஒத்திகை கிடையாது. ஒவ்வொரு வருஷமும் அதைக் கேட்டு அண்ணன் தலை குனிவதும் நடிப்பு கிடையாது.

இப்போது எனக்குத் திருச்சியில் வேலை. தெருவுக்குத் தெரு தியேட்டர். இருந்தாலும் கத்திரி அண்ணன் மனந்திரும்புவதைப் பார்க்காமல் எனக்குக் கிறிஸ்மஸ் வந்ததாகத் தோன்றுவதில்லை. இந்த வருஷத்துக்கும் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன்.