எருமை ஓட்டத்துக்கு எந்த மொழி

நீரடுக்கா,
திங்கட்கிழமை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி தேய உட்கார்ந்திருக்கும் என் அக்காள் மகன் நிதேஷுக்கு, மாமன் மோனப்பா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, எருமைக் கடாக்கள் இரண்டு, எல்லோரும் சுகம். உன் தொப்பையும் சுகமாக வளர்ந்துவர நாகரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று துண்டித்துவிடுவாய், அதனால் கடிதம்.

நம் ஊர் கம்பளா எருமை ஓட்டத்தில் எந்த ஜோடிக் கடா எந்தப் பிரிவில் ஓடுகிறது என்று போனில் பார்க்க உன்னிடம் ஒரு இணையப் பக்கம் கேட்டோமே. அதே நாளில் பக்கத்து ஊர் மூடுபைல்காரர்களும் ஓட்டம் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பட்டியல் போனில் வந்தாயிற்று, சனிக்கிழமைக்குள் நம்முடையது வராவிட்டால் கடாக்காரர்கள் லாரியை அங்கே திருப்பிவிடுவார்கள். நீயோ, "சின்ன வேலைதான் மாமா, எந்த மொழியில செய்யறதுன்னு மட்டும் முடிவு பண்ணுங்க" என்று செய்தி அனுப்பினாய். அதை அப்படியே கமிட்டியில் படித்துவிட்டேன், நான் செய்த பாவம் அவ்வளவுதான்.

"துளுதான். எருமைக்கு வேற பாஷை தெரியாது" என்றேன். செயலாளர் காமத், "எங்க கொங்கணிக்கு என்ன குறைச்சல்?" என்று எழுந்தார். தலைவர் சேசப்ப மாஸ்டர், "சண்டை வேணாம், கன்னடம்னு போட்டுக்குங்க" என்று சொல்லி மூன்றாவது சண்டையைத் தொடங்கிவைத்தார். இரண்டு நாள் இப்படியே போக, கடைசியில் ஜெராக்ஸ் கடை ரோஷ்னி டிசோசாவைக் கூப்பிட்டோம். அவள் சிரித்து முடிக்கவே கால் மணி ஆயிற்று.

"அங்கிள், அது வாயால பேசுற பாஷை இல்ல. மெஷினுக்கு வேலை சொல்ற பாஷை. பைத்தான், ரூபி, பி.எச்.பி.ன்னு இருக்கு."

"பைத்தான்னா?"

"மலைப்பாம்பு."

ஓட்டக்களத்தை ஒட்டியே பாம்புச் சாமி குடியிருக்கும் நாகர் வனம். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாம்பையா வேலை வாங்கறது? மொதல்ல பூசாரியக் கேளுங்க" என்றார். ரூபி என்றால் மாணிக்கக் கல்லாம். அது தன் ராசிக்கு ஆகாது என்று காமத் மோதிர விரலை மடக்கிக்கொண்டார். மிச்சம் பி.எச்.பி. அதற்கு அர்த்தம் யாரும் கேட்கவில்லை, அதிலிருந்தும் ஏதாவது ஊர்ந்து வந்துவிடுமோ என்று பயம்.

"எனக்கும் அதுதான் தெரியும்" என்றாள் ரோஷ்னி. "ஒரு பட்டியலை எடுத்துக் காட்ட எதுவும் போதும். கெட்டுப்போனா உள்ளூர்ல யார் சரி பண்ணுவாங்களோ, அவங்களுக்குத் தெரிஞ்சதுதான் நல்ல பாஷை."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே, பொண்ணே" என்றேன்.

"மொத நாளே கேட்டிருக்கலாமே, அங்கிள்."

ஆகவே எல்லாம் சுபமாக முடிந்தது, நீ சிரமப்பட வேண்டாம். உன் தலையில் முடி நிலைக்கவும், உன் மானேஜருக்கு இரக்கம் பிறக்கவும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமன் மோனப்பா

பின்குறிப்பு: ரோஷ்னி இப்போதுதான் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பெயர், ஊர், பிரிவு என்று அழகழகாகக் கட்டம், உள்ளே ஒன்றுமில்லை. "பட்டியலக் குடுங்க" என்கிறாள். பதினெட்டு வருஷமாக மைக்கில் நான்தான் கூவுகிறேன், அதை எவன் எழுதினான்? நூற்றுப் பன்னிரண்டு ஜோடியும் என் தலைக்குள்ளே இருக்கிறது. நான் துளுவில் சொல்ல, அவள் கொங்கணியில் திட்டிக்கொண்டே கன்னடத்தில் தட்டுகிறாள். இதுவரை ஒன்பது ஜோடி. கடிதத்தை பெங்களூர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், திரும்பும்போது அதே பஸ்ஸில் ஏறி வந்துவிடு. உனக்கு எந்த மொழி தெரிந்தாலும் சரி, விரல் பத்தும் இருந்தால் போதும்.